குற்ற வழக்கில் உள்ள மனநோயாளிக்கு ஃபார்முலேஷன் எழுதுவது எப்படி

மனநல மருத்துவமனையின் ஃபோரன்சிக் (குற்ற வழக்கில் உள்ள நோயாளிகளுக்கான) வார்டிலோ சிறை மருத்துவப் பிரிவிலோ புதிதாகச் சேரும் உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், செவிலியர், முதுநிலை மாணவர் ஆகியோருக்காக எழுதியது இது. ஹிஸ்டரி (நோயாளியின் முன்கதை) எடுக்கவும் மனநிலைப் பரிசோதனை செய்யவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம். திரட்டியதையெல்லாம் வைத்து என்ன செய்வது என்பதில்தான் பலரும் திணறுகிறார்கள். அதையெல்லாம் கோத்து, நடந்தது ஏன் நடந்தது என்று விளக்கும் சிறு குறிப்புக்குத்தான் ஃபார்முலேஷன் என்று பெயர்.

ஃபார்முலேஷன் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் நாலே நாலு. இந்த ஆள் ஏன்? இந்தச் செயல் ஏன்? அன்றைக்கு ஏன்? மறுபடி நடப்பதானால் எப்படி நடக்கும், அதற்கு முன் நம் கண்ணில் முதலில் படுவது எது? நோயின் பெயர் இவற்றில் எதற்கும் பதில் ஆகாது. ஸ்கிட்ஸோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) உள்ளவர்களில் பெரும்பாலானோர் யார் மீதும் கை வைப்பதில்லை. கை வைத்தவரும் வருடத்தின் மற்ற நாட்களில் சும்மாதான் இருந்தார். அந்த நாட்களுக்கும் அந்த ஒரு நாளுக்கும் நடுவில் எது மாறியது என்பதைத்தான் எழுதப்போகிறோம்.

இன்னொரு அளவுகோல்: எழுதி முடித்ததைப் படித்த பிறகு, இரவுப் பணிக்கு வரும் செவிலியர் ஒரு காரியத்தையாவது வேறு மாதிரி செய்ய வேண்டும். அப்படி எதுவும் மாறவில்லை என்றால், ஹிஸ்டரியை இன்னொரு தடவை சுருக்கி எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான்.

நீதிமன்றக் கேள்வி தனி

பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84) கேட்பது, செயல் நடந்த நேரத்தில் சித்த சுவாதீனமில்லாமையால் தான் செய்வதன் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்பதை. விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் இப்போது இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. அது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 367 முதல் 378 வரையிலான பிரிவுகளில் வருகிறது. ஃபார்முலேஷன் இந்த இரண்டுக்கும் விடையில்லை. ஒருவருடைய செயலுக்கு நோய் பெரும் காரணமாக இருந்தும், 22ஆம் பிரிவின் விலக்கு கிடைக்காமல் போகலாம். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால், சிகிச்சைக்காக எழுதிய ஊகம் நீதிமன்றத்தில் சாட்சியம்போல வாசிக்கப்படும். தனித்தனித் தாளாக எழுதுங்கள். முடிந்தால் சிகிச்சை தருபவரும் நீதிமன்ற அறிக்கை தருபவரும் வெவ்வேறு ஆளாக இருக்கட்டும்.

படி 1: ஆளைப் பார்க்கும் முன் தாள்களைப் படியுங்கள்

அரை நாள் ஒதுக்குங்கள். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, காவல்துறை எடுத்த சாட்சி வாக்குமூலங்கள், காயச் சான்றிதழ் அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, சிறை மருத்துவக் குறிப்பு, பழைய கேஸ் ஷீட், மருந்துச் சீட்டுகள் எல்லாம் வேண்டும். முதல் தகவல் அறிக்கையை மட்டும் படித்துவிட்டுப் போவது நிறையப் பேர் செய்யும் வேலை. புகார்தாரரின் கோணத்தில், பல நேரம் அவசரத்தில் எழுதப்பட்ட தாள் அது. காயச் சான்றிதழ் அதைவிட அதிகம் பேசும். எத்தனை காயம், எந்த இடத்தில், முன்னாலிருந்தா பின்னாலிருந்தா, கையால் தடுத்த காயம் உண்டா என்று பாருங்கள்.

குறிப்பெடுக்கும்போதே ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு எழுத்துப் போடுங்கள்: நோயாளி சொன்னது ‘நோ’, குடும்பம் ‘கு’, காவல்துறைத் தாள் ‘கா’, மருத்துவத் தாள் ‘ம’. சின்ன வேலைதான். ஆனால் ‘முன்பும் கொலை முயற்சி செய்தவர்’ என்று யாரோ ஒருவர் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எழுதிய வரி, பத்து வருடம் அறிக்கைக்கு அறிக்கை நகலெடுக்கப்பட்டு உண்மையாகிப்போவதைத் தடுக்க இதைவிட எளிய வழி கிடையாது.

படி 2: யார் படிப்பார்கள் என்று முதலில் சொல்லுங்கள்

யார் கேட்டு வந்திருக்கிறோம், எழுதுவதை யார் படிப்பார்கள், எதை ரகசியமாக வைக்க முடியாது என்ற மூன்றையும் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்துக்கு உரிமை தருகிறது. மற்றொருவரைத் தீங்கிலிருந்து காக்க வேண்டியிருந்தால் விலக்கும் தருகிறது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் பேசுவதற்கு உள்ள சாட்சியச் சட்டப் பாதுகாப்பு மருத்துவரிடம் பேசுவதற்கு இந்தியாவில் இல்லை. விசாரணைக் கைதி விஷயத்தில் இதை மறந்துவிடக் கூடாது. ‘நான் சொன்னதைப் புரிந்த மாதிரி சொல்லுங்க’ என்று கேட்டு, அவர் வாயால் வந்த வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

காவலுக்கு வந்த போலீஸாரைக் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காத தூரத்தில் உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் அறைக்குள்ளேயே நின்றால் அன்றைக்குச் சம்பவத்தைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். பள்ளிக்கூடம், வேலை, தூக்கம் பற்றிப் பேசிவிட்டு எழுந்திருங்கள்.

படி 3: பேசுவது

ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் பேசுவதைவிட, முக்கால் மணி நேரமாக மூன்று நாலு தடவை பேசுவது நல்லது. நோயாளியின் நிலை மாறுவதும் அதில் தெரியும். சம்பவத்தை இரண்டாவது, மூன்றாவது சந்திப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பவத்தைக் கேட்கும்போது ‘ஏன் செய்தீர்கள்’ என்று தொடங்கினால் நியாயம் சொல்லத் தொடங்குவார், அல்லது ‘தெரியல’ என்பார். ‘அன்னைக்குக் காலைல எத்தனை மணிக்கு எழுந்தீங்க?’ என்று தொடங்கி, மணிக்கு மணி நகர்த்துங்கள். எங்கே இருந்தார், யார் என்ன சொன்னார்கள், என்ன நினைத்தார், உடம்பில் என்ன தெரிந்தது, ஆயுதம் எங்கே கிடைத்தது, எப்போது நிறுத்தினார். இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிறுத்திய விதம், எதற்காகச் செய்தார் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

குடியை அளவோடு கேளுங்கள். ‘கொஞ்சம் சார்’ என்பது விடையல்ல. இங்கே விற்கும் பிராந்தி, விஸ்கி 42.8 சதவீதம், 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் கேள்வித்தாளில் 10 கிராம் ஒரு கணக்கு என்பதால், ஒரு குவார்ட்டர் ஆறு கணக்கு. தினமும் இரண்டு குவார்ட்டர் குடித்தவர் கைதானால், கடைசியாகக் குடித்ததிலிருந்து 48 முதல் 96 மணி நேரத்துக்குள் குடி நிறுத்த ஜன்னி (குடியைத் திடீரென நிறுத்தியதால் வரும் குழப்பமும் மாயத் தோற்றமும்) வரக்கூடும். அதாவது ரிமாண்டின் மூன்றாம் நாள் வாக்கில். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அவர் சொன்னதைச் சிறைக் குறிப்பில் ‘மனநோய் முற்றியது’ என்று எழுதியிருப்பார்கள். தேதியை ஒட்டிப் பார்த்தால்தான் பிடிபடும்.

செய்வினை, ஏவல், சாமி வந்து சொன்னது போன்ற பேச்சு வந்தவுடன் டெல்யூஷன் (நோயால் வரும் அசைக்க முடியாத பொய் நம்பிக்கை) என்று எழுதிவிடாதீர்கள். வீட்டில் மற்றவர்களும் அதையே நம்புகிறார்களா, இவர் நம்பிக்கை அவர்களுடையதைத் தாண்டி எங்கே போனது என்று கேளுங்கள். கோயில், தர்கா என்று கூட்டிப்போன காலத்தையும் மாதக் கணக்கில் வாங்குங்கள். மருந்தில்லாத இடைவெளி பெரும்பாலும் அதற்குள் ஒளிந்திருக்கும். அங்கே சங்கிலியில் கட்டிப்போட்டார்களா என்றும் கேளுங்கள். கட்டப்பட்டவர் வார்டில் நாலு பேர் சூழ்ந்தால் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு அது நேரான தடயம்.

படி 4: வெளி ஆட்களிடம் கேட்பது

குறைந்தது இரண்டு பேர், இரண்டு தரப்பிலிருந்து. அம்மாவும் அப்பாவும் ஒரே தரப்பு. அண்டை வீட்டார், வேலை கொடுத்தவர், கல்யாணமாகிப் போன அக்கா இவர்களில் ஒருவராவது வேண்டும். நம் ஊரில் பாதிக்கப்பட்டவரே பல நேரம் வீட்டு ஆள்தான், அவரே பராமரிப்பவரும்தான். அவரிடம் பேசுமுன் வழக்கின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: ‘சாப்பாட்டில் அவருக்குத் தெரியாமல் மருந்து கலந்து கொடுத்ததுண்டா?’ குற்றம் சாட்டும் தொனி கூடாது. ‘நிறைய வீட்டில் வேறு வழி தெரியாமல் செய்வார்கள்’ என்று சொல்லிக் கேளுங்கள். இந்த ஒரு பதில் ஃபார்முலேஷனையே புரட்டிப்போடும். ஏன் என்று கீழே வரும்.

படி 5: காலவரிசை

ஒரு நீளத் தாளை எடுத்து நாலு வரிசை போடுங்கள்: வாழ்க்கை நிகழ்வு, நோய் அறிகுறி, மருந்து, வன்முறை. சம்பவ நாளைப் பூஜ்யமாக வைத்து வாரக் கணக்கில் பின்னோக்கிப் போங்கள். கடைசி ஆறு மாதத்துக்கு வாரம் வாரமாக, அதற்கு முன்னால் வருடம் வருடமாக.

பயிற்சிக்காகப் புனைந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ‘க’ என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 வயது, விசைத்தறி ஓட்டுபவர், கல்யாணமாகவில்லை. 27 வயதிலிருந்து ஸ்கிட்ஸோஃப்ரீனியா. மாதம் ஒரு முறை அரசு மருத்துவமனையில் ஃப்ளூஃபெனசின் (மனநோய் அறிகுறிகளை அடக்கும் மருந்து) ஊசி. அண்ணனை அரிவாளால் மூன்று இடத்தில் வெட்டியதாகக் கொலை முயற்சி வழக்கு. கேஸ் ஷீட்டில் ‘மருந்து எடுக்க மறுப்பவர், குடிப்பழக்கம், சொத்துத் தகராறு’ என்று இருக்கிறது. காலவரிசை போட்டால் இப்படி வருகிறது:

21 வாரம் முன்பு அம்மா இறந்தார். 18ஆவது, 14ஆவது வாரங்களில் ஊசி போட்டுக்கொண்டார். துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த அக்கா கூட்டிப்போனார். அக்கா புகுந்த வீடு திரும்பிய பிறகு ஊசி இல்லை. 6 வாரம் முன்பு அண்ணி சமைத்ததைச் சாப்பிடுவதை நிறுத்திக் கடையில் பரோட்டா வாங்கினார். சனிக்கிழமைக்கு ஒரு குவார்ட்டர் என்றிருந்த குடி, தூக்கம் வராததால் தினமும் இரண்டானது. 3 வாரம் முன்பு தறிக்குப் போவதை விட்டார். 2 வாரம் முன்பு வீட்டைப் பாகம் பிரிக்கக் கையெழுத்துக் கேட்டார்கள். சம்பவ நாள் இரவு அண்ணன் தட்டை முன்னால் வைத்து, கதவை மறித்து நின்று, ‘சாப்பிடலேன்னா கொண்டுபோய் அடைச்சிருவேன்’ என்றார். ‘விஷம் வெச்சுட்டீங்க’ என்று கத்திக்கொண்டே வெட்டியதாகப் பக்கத்து வீட்டுச் சாட்சி சொல்கிறது. வழி கிடைத்ததும் வெளியே வந்து, போலீஸ் வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது ‘மருந்து எடுக்க மறுப்பவர்’ என்ற வரியைப் பாருங்கள். கூட்டிப்போக ஆள் இருந்தவரை ஒரு ஊசிகூடத் தவறவில்லை. அவர் மறுக்கவில்லை, அம்மா செய்த வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் போனது. மறுப்பவருக்கு ஒரு திட்டம், ஆள் இல்லாதவருக்கு வேறு திட்டம்.

படி 6: பழைய சம்பவங்களை அடுக்குவது

ஒரே சம்பவத்தை வைத்து எழுதாதீர்கள். முன்பு நடந்த எல்லாவற்றையும், கேஸ் ஆகாதவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் நடந்தது, செய்தது, பின்னால் கிடைத்தது என்று மூன்று பத்தியில் எழுதுங்கள். ‘க’வுக்கு இரண்டு இருக்கின்றன. நாலு வருடம் முன்பு, டீயில் மருந்து வாடை என்று டீக்கடைக்காரர் மேல் கல்லெறிந்தார். அப்போது அம்மா ஆபரேஷனில் படுத்திருந்ததால் இரண்டு மாதம் ஊசி இல்லை. ஏழு வருடம் முன்பு, வார்டில் பிடித்துக் கட்டப் போனபோது உதவியாளரைத் தள்ளிவிட்டார். இந்தச் சம்பவங்களில் திரும்பத் திரும்ப வருபவை எவை? ஊசி விட்டுப்போன காலம், வாயில் போகும் பொருள் மேல் பயம், தப்ப வழியில்லை என்ற நிலை. இவற்றில் ஒன்றிரண்டு வந்தாலே ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தது அரிவாள் நாளில் மட்டும்.

நடக்காத நாட்களையும் இதேபோல் பாருங்கள். பத்து வருடமாகச் சனிக்கிழமை தோறும் குடித்திருக்கிறார். குடித்த அந்த நாட்களில் ஒரு அடிதடியும் இல்லை. ஆக, குடி தனியாக இவரை வன்முறைக்குத் தள்ளவில்லை.

படி 7: காரணிகளுக்கு வேலை கொடுப்பது

பலருக்கும் தெரிந்த சட்டகம் ஐந்து ‘பி’ (ஐந்தின் ஆங்கிலப் பெயரும் P எழுத்தில் தொடங்கும்): இப்போதைய பிரச்சினை, முன்கூட்டியே ஏதுவாக இருந்தவை, தூண்டியவை, நீடிக்க வைப்பவை, காப்பவை. கட்டம் போட்டு நிரப்ப வசதியானது. ஆபத்தும் அதுவே: ஐந்து கட்டமும் நிரம்பியதும் வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடும். எது எதைக் கொண்டுவந்தது என்ற அம்புக்குறி கட்டத்துக்குள் கிடையாது. அதை நீங்கள்தான் போட வேண்டும்.

வன்முறை அபாயத்துக்கு உலகில் அதிகம் பயன்படும் சட்டகங்களில் ஒன்று எச்.சி.ஆர்–20. கனடாவில் உருவானது, மூன்றாம் பதிப்பு 2013இல் வந்தது. பழைய வரலாறு 10, இப்போதைய நிலை 5, வரப்போகும் சூழல் 5 என 20 காரணிகள். முறையான பயிற்சி இல்லாமல் அதைப் பயன்படுத்தி அறிக்கை தரக் கூடாது. ஆனால் அதிலுள்ள இரண்டு பழக்கங்களை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, காரணி இருக்கிறதா என்பதும், இந்த ஆளுக்கு அது பொருந்துகிறதா என்பதும் தனித்தனிக் கேள்விகள். ‘க’வுக்கு வேலையின்மை இருக்கிறது, ஆனால் பொருத்தம் குறைவு, அது நோய் திரும்பியதன் விளைவு. எண்களைக் கூட்டி மொத்தம் போடுவது இந்த முறையில் இல்லை. கூட்டிப் பார்க்கும் ஆசையை விடுங்கள்.

இரண்டாவது, காரணி என்ன வேலை செய்தது என்று பிரிப்பது. சில காரணிகள் வன்முறையால் ஏதோ கிடைக்கும் என்று தோன்ற வைக்கும் (உந்துபவை). சில, தடுக்கும் பிரேக்கைத் தளர்த்தும். சில, யோசித்து முடிவெடுக்கும் சக்தியையே குலைக்கும். ‘க’ விஷயத்தில் விஷ பயமும் கதவை மறித்ததும் உந்தியவை. இரண்டு குவார்ட்டர் பிரேக்கைத் தளர்த்தியது. தூக்கமின்மையும் ஊசி நின்றதும் யோசனையைக் குலைத்தவை. இப்படிப் பிரித்ததும் சிகிச்சை தானாக வரிசையில் வந்து நிற்கும். குடி மறுவாழ்வுக்கு மட்டும் அனுப்பினால் ஏன் போதாது என்பதும் விளங்கும்.

காக்கும் காரணியில் ‘குடும்ப ஆதரவு உண்டு’ என்று எழுதுவதை வெறும் அலங்காரமாகவே எடுத்துக்கொள்ளலாம். யார், என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை தடவை, அவர் இல்லாவிட்டால் யார் என்று எழுதுங்கள். ‘க’வின் அம்மா நாலு வேலை செய்தார்: ஊசித் தேதியை நினைவு வைத்தார், கூடப் போனார், தானே சமைத்துத் தானும் அதே பாத்திரத்தில் சாப்பிட்டார், அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே நின்றார். அம்மாவின் இடம் காலியானது என்றால் நாலு நாற்காலி காலியாயிற்று என்று அர்த்தம்.

படி 8: எதிர்க்கட்சி வாதம்

உங்களுக்குப் பிடித்த விளக்கத்துக்கு எதிராக இன்னொன்றைக் கட்டாயம் எழுதுங்கள். ‘க’வுக்கு அது சொத்துத் தகராறு. அண்ணன் ஏமாற்றப் பார்த்தார், கோபத்தில் வெட்டினார், விஷம் என்பது பிறகு சேர்த்த கதை. எந்த ஆதாரம் இரண்டையும் பிரிக்கும்? சாப்பாட்டை நிறுத்தியது கையெழுத்துக் கேட்பதற்கு நாலு வாரம் முன்பே. ‘விஷம்’ என்ற கத்தலைக் கேட்ட சாட்சி இந்தக் குடும்பத்தைச் சேராதவர். டீக்கடைக்காரரிடம் சொத்து எதுவும் இல்லை. வழி கிடைத்ததும் நிறுத்தியிருக்கிறார். அதற்காகச் சொத்தைத் தூக்கியெறிந்துவிட முடியாது. சிகிச்சையில் விஷ பயம் கரைந்த பிறகும் பாகம் பற்றிய கோபம் மிஞ்சினால், அது தனி வேலை. குடும்பப் பேச்சுவார்த்தைக்கும் சட்ட உதவிக்கும் போக வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் அண்ணியிடம் இரண்டாவது முறை பேசியது வேலைக்கு வருகிறது. ஊசி நின்றதும் பழைய மாத்திரையைப் பொடித்துச் சாம்பாரில் கலந்திருக்கிறார், 7 வாரம் முன்பிலிருந்து. கசப்பு தெரிந்திருக்கிறது. ஆக, ‘சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்’ என்பது உண்மை. ‘என்னைக் கொல்ல’ என்பது நோய் சேர்த்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைத் தெரியாமல் ‘உங்களுக்கு யாரும் எதுவும் கலக்கவில்லை’ என்று நாம் அடித்துச் சொல்லியிருந்தால், அவர் கண்ணில் நாமும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்திருப்போம்.

படி 9: எழுதுவது

ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. பெயரடைகள் வேண்டாம்: ‘ஆபத்தானவர்’, ‘முரட்டு சுபாவம்’, ‘ஒத்துழைக்காதவர்’ எல்லாம் வெட்டுங்கள். ஊகத்தை ஊகம் என்று தெரியும்படி எழுதுங்கள். வாக்கியங்களை ‘அதனால்’, ‘அப்போது’, ‘இல்லாததால்’ என்ற சொற்கள் கட்ட வேண்டும். ‘மேலும்’ என்ற சொல் அடிக்கடி வந்தால் நீங்கள் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ‘க’வுக்கு நடுப்பத்தி இப்படி இருக்கலாம்:

‘நோய் முற்றும்போது க தன் உணவில் விஷம் கலப்பதாக நம்புகிறார். மாத ஊசி இருக்கும்வரை இந்தப் பயம் தலைதூக்குவதில்லை. ஊசிக்கான முழு ஏற்பாட்டையும் அம்மா பார்த்துவந்தார். அவர் இறந்து, அக்காவும் திரும்பிய பிறகு அது நின்றது. மாத்திரையை மறைத்துக் கலந்ததால் உணவின் சுவை மாறி, திரும்பிவந்துகொண்டிருந்த பயத்துக்கு ஆதாரம் கிடைத்தது என்று நினைக்கிறோம். தூக்கமின்மைக்காகக் குடி கூடியது. அது தூக்கத்தை மேலும் கெடுத்தது. பாகம் பிரிக்கும் பேச்சு, அண்ணனுக்குத் தன்னை ஒழிக்கக் காரணம் உண்டு என்று அவருக்குக் காட்டியிருக்கலாம். அன்றிரவு கதவு மறிக்கப்பட்டு, சாப்பிடும்படி வற்புறுத்தப்பட்டபோது, உயிர் தப்பவே வெட்டினார் என்பது எங்கள் முதன்மை ஊகம். வழி கிடைத்ததும் நிறுத்தியது இதற்கு ஒத்துப்போகிறது.’

விசாரணை முடியாத வழக்கில் ‘வெட்டினார்’ என்பதற்குப் பதில் ‘வெட்டியதாகக் குற்றச்சாட்டு’ என்று எழுதுங்கள். சம்பவத்தை அவர் மறுத்தாலோ நினைவில்லை என்றாலோ ஒப்புக்கொள்ள வைக்க முயல வேண்டாம். அது நம் வேலையல்ல. சம்பவத்துக்கு முந்தைய வாரங்களை வைத்தே பயனுள்ள ஃபார்முலேஷன் எழுத முடியும்.

படி 10: வரக்கூடியவற்றை வரைவது

இரண்டு மூன்று போதும். ஒவ்வொன்றிலும் என்ன, யார் மேல், எவ்வளவு கடுமை, எவ்வளவு சீக்கிரம், எத்தனை முறை, நடக்க எவ்வளவு வாய்ப்பு, முன்னறிகுறி எது என்று எழுதுங்கள். சதவீதம் போடாதீர்கள், ‘இன்ன நிலை வந்தால் வாய்ப்பு அதிகம்’ என்று நிபந்தனையோடு சொல்லுங்கள்.

முதலாவது, நடந்ததே திரும்ப நடப்பது: வீடு திரும்பி, ஊசி இரண்டு மாதம் விட்டு, சமைப்பவர் அல்லது அண்ணன் மேல், ஆயுதத்தோடு. முன்னறிகுறி, வீட்டுச் சாப்பாட்டைத் தவிர்ப்பது. போன முறை அது ஆறு வாரம் அவகாசம் தந்தது. இரண்டாவது, இடம் மாறி நடப்பது: வார்டில் மாத்திரையை வற்புறுத்திச் சூழும்போது தள்ளுவது, அடிப்பது. கடுமை குறைவு, ஆனால் முதல் வாரங்களில் வாய்ப்பு அதிகம். மூன்றாவதைப் புதியவர்கள் மறக்கிறார்கள்: நோய் தெளிந்து, செய்தது உறைக்கும் காலத்தில் தற்கொலை முயற்சி. குணமாகிவிட்டார் என்று கவனிப்பைத் தளர்த்தும் நேரமும் அதுவே.

படி 11: திட்டம்

ஃபார்முலேஷனின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு செயல், ஒரு பெயர், ஒரு தேதி. ‘க’வின் வார்டுத் தாளில் ஆறே வரி: தட்டை அவரே எடுக்கட்டும், பொதுப் பாத்திரத்திலிருந்து பரிமாறுங்கள், மருந்தை எந்த நாளும் எதிலும் மறைத்துக் கொடுக்காதீர்கள், மாத்திரையைப் பெயர் சொல்லிக் கையில் கொடுங்கள், பேசும்போது அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காதீர்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டாலும் குறித்து, இரண்டாவது வேளையில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வெளியே போகும்போது அம்மாவின் நாலு வேலையையும் பங்கு பிரிக்க வேண்டும். ஊசித் தேதியை மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் கொடுத்து, ஏழு நாள் தாண்டினால் யார் யாருக்குப் போன் செய்வது என்று எழுதுங்கள். அக்கா வீடா, அண்ணன் வீடா, தனி அறையா என்பதை அண்ணனின் பாதுகாப்பையும் விருப்பத்தையும் கேட்டு முடிவெடுங்கள். நீதிமன்றம் வைத்த நிபந்தனை ஏதாவது உண்டா என்று முதலில் பாருங்கள்.

படி 12: அவரிடமே காட்டுவது, திரும்பப் பார்ப்பது

நிலை சீரானதும் ஃபார்முலேஷனை எளிய பேச்சில் அவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். சம்பவத்திலிருந்து தொடங்காமல் அம்மா இறந்ததிலிருந்து தொடங்குங்கள். ‘இது சரியா, எங்கே தப்பு?’ என்று கேளுங்கள். அவர் திருத்தினால் அதைத் தேதியோடு சேருங்கள். ஏற்காவிட்டாலும் ‘இந்த இடத்தில் அவர் கருத்து வேறு’ என்று ஒரு வரி இருக்கட்டும்.

முதல் வரைவை இரண்டு வாரத்தில் முடித்துவிடுங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும், ஏதாவது நடந்தவுடனும் திறந்து பாருங்கள். நடந்தது ஃபார்முலேஷன் சொன்னபடி நடந்ததா என்று மட்டும் கேளுங்கள். ‘க’ ஊசி ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, சீட்டாட்டச் சண்டையில் ஒருவரை அடித்தால், நம் விளக்கத்தில் ஒரு கண்ணி குறைகிறது. ‘நோய் திரும்பியது’ என்று எழுதி அதை மூடிவிடக் கூடாது.

சிறைக்கோ வேறு மருத்துவமனைக்கோ அனுப்பும்போது முழு ஃபார்முலேஷனையும் கோப்பில் செருகி விடாதீர்கள். அக்காவும் அண்ணியும் நம்பிச் சொன்னவை அதில் இருக்கின்றன. சிகிச்சைக் குழுவுக்கு முழுத் தாள் மூடிய உறையில்; சிறை அதிகாரிகளுக்கு முன்னறிகுறியும் ஆறு வரித் திட்டமும் மட்டும்; ஊசியின் கடைசித் தேதியும் அடுத்த தேதியும் இரண்டிலும் மேலே, பெரிய எழுத்தில்.